அரசி, பூனை, நாய்: ஒரே கேள்விக்குத் திரை சொன்ன இரண்டு விடைகள்

கிமு 60ஐ ஒட்டிய ஆண்டுகளில் எகிப்துக்குப் போயிருந்த கிரேக்க வரலாற்றாசிரியர் டயடோரஸ், தன் கண்ணால் கண்டதாக ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். ரோமிலிருந்து வந்திருந்த ஒருவன் கை தவறி ஒரு பூனையைக் கொன்றுவிட்டான். ஊரே திரண்டு அவன் வீட்டைச் சூழ்ந்துகொண்டது. ரோமைப் பகைத்துக்கொள்ளக் கூடாதே என்று அரண்மனை நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவனைக் காப்பாற்ற மன்னரே அதிகாரிகளை அனுப்பினார். பலிக்கவில்லை, கூட்டத்தின் கையிலிருந்து அவனை மீட்க யாராலும் முடியவில்லை. அந்த மன்னர் பன்னிரண்டாம் டாலமி. அப்போது அவருக்கு ஒன்பது, பத்து வயதில் ஒரு மகள் இருந்தாள். அவள் பெயர் கிளியோபாட்ரா.

அந்த மகள் வளர்ந்து சீசர், ஆண்டனி என்ற ரோமின் இரண்டு பெரும் தளபதிகளைத் தன் பக்கம் இழுத்த கதையை சினிமா 1899இலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது. பூனையும் நாயும் அடித்துக்கொள்கிற, கட்டிக்கொள்கிற கார்ட்டூன்களும் கிட்டத்தட்ட அதே வயதுடையவை. ஒன்று பிரம்மாண்டம், மற்றது துணுக்கு. திரை வரலாற்றை எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைப்பதில்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: கையில் பலம் இல்லாதவர், பலம் உள்ளவரைத் தன் வழிக்குக் கொண்டுவருவது எப்படி? இந்தக் கேள்விக்கு அரசிப் படங்கள் பெரும்பாலும் ஒரு வார்த்தையில் விடை சொல்லிவிட்டு நகர்ந்தன. கார்ட்டூன்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அவை ஒவ்வொரு படியாகச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. அதில்தான் அவை முந்திக்கொண்டன என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

வென்றவர்கள் எழுதிய கதை

கிளியோபாட்ரா கிமு 69இல் பிறந்தாள். கிமு 51இல், பதினெட்டு வயதில், அரியணை ஏறினாள். கிமு 30இல் இறந்தாள். அவள் வம்சம் அலெக்சாண்டரின் தளபதி ஒருவர் வழிவந்த மாசிடோனிய கிரேக்க வம்சம். அவளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பெரும்பாலான சித்திரங்கள் அவளைத் தோற்கடித்த ஆக்டேவியன் தரப்பிலிருந்து வந்தவை. ஓர் உள்நாட்டுப் போரை அந்நியப் பெண் மீதான போராகக் காட்டுவது அவருக்குத் தேவையாக இருந்தது. ஆண்டனி கெட்டவன் என்று சொல்வதைவிட, ஆண்டனி மயக்கப்பட்டான் என்று சொல்வது ரோமில் எளிதாக எடுபட்டது.

சினிமாவுக்கு அதிகம் தீனி போட்டவர் கிரேக்க எழுத்தாளர் புளூடார்க். அவரும் அவள் இறந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு எழுதியவர்தான். வேடிக்கை என்னவென்றால், பேரழகி என்ற கட்டுக்கதைக்குப் புளூடார்க்கிடம் ஆதாரம் இல்லை. பார்த்தவுடன் திகைக்கவைக்கும் அழகு அவளுக்கு இல்லை, பேச்சும் குரலும் பழகும் விதமும்தான் ஆளை இழுத்தன என்கிறார் அவர். பல மொழிகளில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தூதர்களிடம் பேசினாள். தன் வம்சத்தில் எகிப்திய மொழியைக் கற்றுக்கொண்ட முதல் ஆட்சியாளர் அவளே. அவள் காலத்து நாணயங்களில் தெரிவது வளைந்த மூக்கும் முன்தள்ளிய தாடையும். ரோமுக்கு அவளிடம் வேண்டியிருந்தது எகிப்தின் தானியம், பணம், கப்பல்கள். அவளுக்கு ரோமிடம் வேண்டியிருந்தது அரியணைக்குப் பாதுகாப்பு. அடிப்படையில் அது ஒரு நீண்ட பேரம்.

படங்கள் கழித்துவிட்ட விஷயங்களைப் பட்டியலிட்டாலே அவற்றின் மனம் தெரியும். சீசரிடம் அவள் ஒளிந்துபோனது படுக்கைத் துணிகளைக் கட்டும் பையில் என்று புளூடார்க் எழுத, திரை அதை விலையுயர்ந்த கம்பளமாக்கியது. ஆண்டனிக்கு அவள் பெற்ற மூன்று குழந்தைகள் பெரும்பாலான படங்களில் தலைகாட்டுவதே இல்லை. ஆக்டியம் கடற்போரில் தோற்ற பிறகு அவள் கப்பல்களை நிலத்தின் மேல் இழுத்துச் செங்கடலில் இறக்க முயன்றதும், சீசருக்குப் பிறந்த மகன் சிசேரியனைப் பெரும் பொருளோடு இந்தியாவை நோக்கி அனுப்பிவைத்ததும் புளூடார்க்கில் இருக்கின்றன. எகிப்து ரோமின் கைக்குப் போன பிறகுதான் செங்கடல் வழியாக முசிறிக்கும் தமிழகக் கரைகளுக்கும் ரோமானியக் கப்பல்கள் பெருமளவில் வந்தன. தோல்விக்குப் பிறகும் கிழக்குக் கடல் பக்கம் வழி தேடிய அந்த அரசியை எந்தப் பெரிய படமும் பொருட்படுத்தவில்லை. பாம்பை மட்டும் எல்லோரும் மறக்காமல் கொண்டுவந்தார்கள். அவள் எப்படி இறந்தாள் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்று புளூடார்க்கே எழுதியிருந்தும்.

முகம் தேடிய முப்பது ஆண்டுகள்

முதல் கிளியோபாட்ரா ஒரு மாய வித்தை. ஜார்ஜ் மெலியஸ் 1899இல் எடுத்த குறும்படத்தில் ஒருவன் அவள் கல்லறையைத் திறந்து, பதனிட்ட உடலை வெட்டிப்போட்டு, புகையிலிருந்து அவளை எழுப்புகிறான். 1912இல் ஹெலன் கார்ட்னர் சொந்தமாக ஒரு தயாரிப்பு நிறுவனம் தொடங்கி, தானே அரசியாக நடித்தார். அமெரிக்காவின் ஆரம்பகால முழுநீளப் படங்களில் அது ஒன்று. ஒரு நடிகை தன் தொழிலைத் தானே ஆளத் துணிந்தது, அவர் ஏற்ற வேடத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது.

1917இல் ஃபாக்ஸ் நிறுவனம் தீடா பாராவை இறக்கியபோது விளம்பரம் படத்தைத் தாண்டிப் போனது. ஓஹையோ மாகாணத்தின் சின்சினாட்டியில் ஒரு யூதத் தையற்காரரின் மகளாகப் பிறந்தவரை, சஹாராப் பாலைவனத்தில் பிறந்த மர்மப் பெண் என்று பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். படம் இன்று இல்லை. 1937இல் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெரியில் ஃபாக்ஸின் சேமிப்புக் கிடங்கு எரிந்தபோது அதுவும் போனது. சில விநாடித் துண்டுகளும் புகைப்படங்களுமே எஞ்சின. அந்தப் புகைப்படங்களில் அரசியைவிட அவள் உடையும் மையிட்ட கண்களும்தான் பேசுகின்றன. ஆடவரை அழிக்கும் பெண் என்ற ஆக்டேவியனின் பிரசாரம் நியூ ஜெர்சி ஸ்டூடியோக்களுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் வந்து சேர இருபது நூற்றாண்டு பிடித்தது.

செசில் பி. டிமில் 1934இல் கிளாடெட் கோல்பெர்டை வைத்து எடுத்த படம் இந்த வரிசையில் கொஞ்சம் விலகி நிற்கிறது. அதில் படகுக் காட்சி ஒன்று வரும். ஆண்டனி அவளைக் கைதுசெய்து கொண்டுபோகும் மிடுக்கில் படகில் ஏறுகிறான். அவளோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, உன்னை மயக்க என்னவெல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன் தெரியுமா, எல்லாம் வீண் என்று போட்டு உடைக்கிறாள். அப்படி என்ன ஏற்பாடு என்று பார்க்கும் ஆசை அவனுக்கு வருகிறது. அங்கேயே அவன் தோற்றுவிடுகிறான். ஆட்டமும் விருந்தும் நடந்து திரைச்சீலைகள் மூட, மேளத்தின் அடிக்குத் துடுப்புகள் அசையத் தொடங்குகின்றன. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு மனம் எப்படி நெகிழ்கிறது என்பது தெரிகிறது. விக்டர் மில்னரின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் பின்வந்தவர்கள் அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது படகின் அகலத்தை மட்டும்.

நான்கரைக் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக

1963இல் வெளிவந்த ஜோசப் மான்கிவிச்சின் ‘கிளியோபாட்ரா’ படத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் செலவைத்தான் பேசுவார்கள். 20 லட்சம் டாலரில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய படம், கடைசியில் சுமார் 4 கோடியே 40 லட்சத்தை விழுங்கியது. எலிசபெத் டெய்லருக்குப் பேசிய சம்பளம் 10 லட்சம் டாலர். அன்றைக்கு அது கேள்விப்படாத தொகை. 1960இல் லண்டன் அருகே பைன்வுட் ஸ்டூடியோவில் அலெக்சாண்ட்ரியா நகரத்தை எழுப்பினார்கள். ஆங்கில மழையும் குளிரும் அதைப் பாழாக்கின. டெய்லர் நிமோனியாவில் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். முதல் இயக்குநர் ரூபன் மமூலியன் விலகினார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரோமில் மறுபடியும் முதலிலிருந்து கட்டினார்கள். அந்த ஆண்டு அதிக வசூல் செய்த படமும் அதுதான், ஃபாக்ஸைத் திவால் விளிம்புக்குக் கொண்டுபோன படமும் அதுதான். நான்கு ஆஸ்கர்கள் வந்தன. தொலைக்காட்சி உரிமையை விற்ற பிறகுதான் கணக்கு நேரானது.

நான்கு மணி நேரப் படத்தில் மனதில் தங்குவது ரோம் நுழைவுக் காட்சி. கறுத்த பெரிய ஸ்பிங்க்ஸ் சிலை ஒன்றை அடிமைகள் இழுத்துவர, அதன் கால்களுக்கு நடுவே, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொன்னாடையில் உட்கார்ந்திருக்கிறாள். ஆயிரக்கணக்கானோர் கூச்சலிடுகிறார்கள். இறங்கி வந்து சீசர் முன் வணங்கும் அவள், தலை நிமிரும்போது கண்ணடிக்கிறாள். ஊரைக் கூட்டி நடத்திய இத்தனை ஆர்ப்பாட்டமும் நம் இருவருக்கும் தெரிந்த நாடகம்தான் என்று அந்த ஒரு கண்ணசைவு சொல்லிவிடுகிறது. கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய காட்சியில் உயிர் இருந்த இடம், காசே செலவாகாத ஒரு நொடி. மற்ற நேரங்களில் அவள் என்ன செய்தாள் என்பதைக் காட்ட வேண்டிய இடத்தில் அவளிடம் என்னென்ன இருந்தன என்பதைக் காட்டிக்கொண்டிருக்கிறது படம். டெய்லர் மாற்றிய உடைகள் மட்டும் அறுபதுக்கு மேல்.

பகடி செய்தவர்கள் கண்ட அரசி

இதற்கு மாற்று மருந்து சிரிப்பிலிருந்துதான் வந்தது. பெர்னார்ட் ஷா தன் நாடகத்தில் கிளியோபாட்ராவைப் பாட்டிக் கதை நம்பும் சிறுமியாக நிறுத்தினார். தன் மூதாதைப் பாட்டி ஒரு புனித வெள்ளைப் பூனைக்குப் பிறந்த கறுப்புக் குட்டி என்று அவள் சீசரிடம் பெருமை அடித்துக்கொள்வாள். 1945இல் கேப்ரியல் பாஸ்கல் அதைப் படமாக்கியபோது விவியன் லீ அரசியாகவும் கிளாட் ரெயின்ஸ் சீசராகவும் நடித்தார்கள். இங்கே காதல் இல்லை. வயதான ஒருவர் ஒரு பெண்ணுக்கு ஆட்சிக் கலை கற்றுக்கொடுக்கிறார். அவள் கற்றுக்கொண்ட விதம் அவருக்கே பயமூட்டுகிறது. அதிகாரம் பிறப்பில் வருவதில்லை, பழகினால் வரும் என்று சொன்ன அரிதான கிளியோபாட்ரா படம் அது.

1964இல் வந்த ‘கேரி ஆன் கிளியோ’, டெய்லர் படத்துக்காக பைன்வுட்டில் செய்து கைவிட்ட உடைகளையும் அரங்குகளையும் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டு புத்தகமாக வந்த அஸ்டெரிக்ஸ் காமிக்ஸ், டெய்லர் படத்தின் விளம்பரத் தோரணையை அப்படியே நையாண்டி செய்தது: இந்தப் புத்தகம் உருவாக 14 லிட்டர் மையும் 67 லிட்டர் பீரும் செலவாயின என்று அட்டையிலேயே கணக்குக் காட்டினார்கள். இதன் கார்ட்டூன் வடிவம் 1968இல் வந்தது. எகிப்தியர்களின் கை ஓய்ந்துவிட்டது என்று சீசர் இளக்காரமாகச் சொல்ல, மூன்று மாதத்தில் ஒரு மாளிகை கட்டிக் காட்டுகிறேன் என்று அரசி பந்தயம் கட்டுகிறாள். இதில் அவளுடைய ஆயுதம் ரோஷம். பிரமிடுக்குள் வழி தெரியாமல் சிக்கிக்கொள்ளும் அஸ்டெரிக்ஸையும் கூட்டாளிகளையும் மீட்பது இடெஃபிக்ஸ் என்ற பொடி நாய். இந்தக் கதையை 2002இல் அலன் ஷாபா மோனிகா பெலூச்சியை வைத்து எடுத்தபோது பிரான்சில் மட்டும் 1 கோடியே 40 லட்சம் பேருக்கு மேல் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள்.

அரசியும் பூனையும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட சந்தர்ப்பமும் உண்டு. ஜப்பானின் ஒசாமு தெசுகாவும் எய்ச்சி யமமோட்டோவும் 1970இல் வயதுவந்தோருக்காக ஒரு ‘கிளியோபாட்ரா’ அனிமேஷன் எடுத்தார்கள். எதிர்காலத்திலிருந்து வரும் ஒருவனின் மனம் அதில் அரசியின் சிறுத்தைக்குள் புகுந்துகொள்ளும். 1972 ஏப்ரலில் இது அமெரிக்காவுக்கு வந்தபோது, ரால்ஃப் பக்ஷியின் ‘ஃப்ரிட்ஸ் த கேட்’ அதே மாதம் தியேட்டர்களில் இருந்தது. முதல் ‘எக்ஸ்’ சான்றிதழ் கார்ட்டூன் என்று ஊரெங்கும் விளம்பரப்படுத்தப்பட்ட படம் அது. காமத்தை விற்க ஒருவருக்கு அரசி தேவைப்பட்டாள், இன்னொருவருக்குப் பூனை. ஜெயித்தது பூனைதான்.

ஏழு நிமிடத்தில் காட்ட வேண்டியது

கார்ட்டூன் விலங்குகளின் குடும்ப மரம் நியூயார்க்கிலிருந்து தொடங்குகிறது. ஜார்ஜ் ஹெரிமன் 1913 முதல் 1944வரை வரைந்த ‘கிரேஸி கேட்’ துணுக்கில் பூனை எலியைக் காதலிக்கும். எலி செங்கல்லால் அடிக்கும். பூனையைக் காதலிக்கும் போலீஸ் நாய் எலியைச் சிறையில் போடும். வல்லவன், எளியவன் என்ற வரிசையே அங்கே குழம்பிவிடுகிறது. 1919இல் வந்த ஃபெலிக்ஸ் பூனை, வாலைக் கழற்றிக் கைத்தடியாகவும் கேள்விக்குறியாகவும் பயன்படுத்தியது. பேசும் படம் வராத காலத்தில் யோசனையையே உடம்பால் காட்ட வேண்டியிருந்ததால் வந்த உத்தி இது.

டிஸ்னியின் புளூட்டோ 1930இல் பிறந்தது. 1934இல் வந்த ‘பிளேஃபுல் புளூட்டோ’வில் அது ஒட்டும் ஈப் பிசின் காகிதத்தில் மாட்டிக்கொள்ளும். மூக்கிலிருந்து எடுத்தால் காலில் ஒட்டுகிறது, காலிலிருந்து எடுத்தால் பின்னால் ஒட்டுகிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நாய் ஒரு கணம் நிற்கிறது, யோசிக்கிறது, அடுத்த வழியைப் பிடிக்கிறது. நார்ம் ஃபெர்குசன் வரைந்த அந்தக் காட்சியை, கார்ட்டூன் பாத்திரம் சிந்திப்பதை முதன்முதலாகக் கண்ணால் காட்டிய இடம் என்று அனிமேஷன்காரர்கள் இன்றும் பாடமாகப் பார்க்கிறார்கள். ஆற்றில் போன பூனைக்குட்டியைக் காப்பாற்றிவிட்டு, பிறகு அதன்மேல் பொறாமைப்படும் புளூட்டோவின் ‘லெண்ட் எ பா’ 1941ஆம் ஆண்டுக்கான ஆஸ்கரை வாங்கியது.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் எம்ஜிஎம்முக்காக 1940 முதல் 1958வரை எடுத்த டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்கள் 114, ஆஸ்கர்கள் ஏழு. எலிக்கும் பூனைக்கும் நடுவில் ஸ்பைக் என்ற புல்டாக் வந்த பிறகுதான் அவற்றில் அரசியல் வந்தது. 1945இல் வந்த ‘கொயட் ப்ளீஸ்’ படத்தில் ஸ்பைக் தூங்கிக்கொண்டிருக்கிறது. சத்தம் கேட்டால் டாமின் தோல் உரியும். ஜெர்ரி செய்வதெல்லாம் எதையாவது கீழே போடுவது மட்டும். அதைத் தரையில் படாமல் பிடிப்பது டாமின் தலையெழுத்து. மூவரில் மிகச் சிறியவனுக்கு மிகப் பெரியவனின் தூக்கம் ஆயுதமாகிவிடுகிறது. 1948இல் வந்த ‘த ட்ரூஸ் ஹர்ட்ஸ்’ இன்னும் கூர்மை. நாய், பூனை, எலி மூன்றும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டு, பல் தேய்ப்பதிலிருந்து எல்லாவற்றிலும் ஒற்றுமையாக வாழ்கின்றன, ஒரு துண்டு இறைச்சியைப் பங்குபோடும் வரைக்கும். ஆண்டனி, ஆக்டேவியன், லெபிடஸ் ஆகியோர் கிமு 43இல் செய்துகொண்ட மூவர் கூட்டணி உடைந்த கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மார்க் ஆண்டனி என்ற புல்டாக்

இரண்டு மரபும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தது 1952இல். சக் ஜோன்ஸ் இயக்கி, மைக்கேல் மால்டிஸ் எழுதிய ‘ஃபீட் த கிட்டி’யில் வரும் முரட்டு புல்டாக்கின் பெயர் மார்க் ஆண்டனி. பூனைக்குட்டியின் பெயர் புஸ்ஸிஃபுட்; கிளியோ என்றும் சொல்வதுண்டு. நாய் குரைத்து மிரட்டுகிறது. குட்டி ஓடவில்லை, சீறவில்லை. நாயின் முகத்தில் ஏறி முதுகுக்குப் போகிறது, நகத்தால் முடியை மிதித்து மெத்தை ஆக்குகிறது, சுருண்டு தூங்குகிறது. நகம் குத்தும்போதெல்லாம் நாயின் முகத்தில் வலி; குட்டி உறங்கியதும் அதே முகம் குழைந்துபோகிறது. வீட்டுக்காரம்மா வேறு எதையும் உள்ளே கொண்டுவராதே என்று முன்னமே எச்சரித்திருப்பதால் நாய் குட்டியை ஒளித்து ஒளித்துத் திண்டாடுகிறது. ஒரு கட்டத்தில் குட்டி மாவில் விழுந்து, பிசையப்பட்டு, பிஸ்கட்டாக வெந்துவிட்டது என்று நினைத்து நாய் கதறுகிறது. விஷயம் தெரியாத வீட்டுக்காரம்மா ஆறுதலுக்கு நீட்டுவது பூனை வடிவ பிஸ்கட். நாய் அதை வாங்கி, நடுங்கும் கையால், குட்டி தூங்கும் அதே இடத்தில் முதுகின்மேல் வைத்துக்கொள்கிறது. 2001இல் வந்த பிக்சாரின் ‘மான்ஸ்டர்ஸ், இங்க்.’ நாய் கதறும் இடத்தை அப்படியே நினைவூட்டும் ஒரு காட்சி வைத்து மரியாதை செய்தது.

ரோமின் பிரசாரம் சொன்ன அதே கதைதான் இது: போர்வீரன் ஒருவன் சின்னஞ்சிறு ஜீவனிடம் அடிமையாகிறான். ஆக்டேவியன் அதை இழிவென்றார். ஜோன்ஸ் அதை அன்பென்றார். அதைவிட முக்கியம், எந்த நொடியில், எதைக் கண்டு, ஆண்டனி விழுந்தான் என்பதை ஜோன்ஸ் காட்டிவிட்டார். குட்டி அழகாக இருப்பதால் மட்டும் நாய் மாறவில்லை. தன்னைக் கண்டு பயப்படாத ஒன்று தன்மேல் நம்பிக்கையோடு கண்ணயர்ந்ததால் மாறியது. நான்கு மணி நேரப் படம் தேடிய விடை அது.

எளியவர் பெயரால் நடந்த இழிவு

இதனால் கார்ட்டூன்களை அப்பாவி என்று சொல்லிவிட முடியாது. டிஸ்னியின் ‘லேடி அண்ட் த ட்ராம்ப்’ படத்தின் (1955) சயாமியப் பூனைகளும் ‘அரிஸ்டோகேட்ஸ்’ படத்தின் (1970) சீனப் பூனையும் ஆசியர்களை மட்டம்தட்டும் கேலிச் சித்திரங்கள். ‘லேடி’யின் 2019 மறுஆக்கத்தில் அந்தப் பூனைகளின் பாட்டை நீக்கினார்கள், பழைய படங்களுக்கு டிஸ்னி எச்சரிக்கைக் குறிப்பு சேர்த்தது. விலங்குத் தோலைப் போர்த்தினால் எந்த இனத்தையும் இழிவுபடுத்தலாம் என்ற துணிச்சல் அந்தக் கலையோடு கூடவே வந்தது.

அரசி விஷயத்தில் நிறச் சண்டை வேறு வடிவம் எடுத்தது. 2023இல் நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடரில் அடேல் ஜேம்ஸ் என்ற கறுப்பினக் கலப்பு நடிகை கிளியோபாட்ராவாக வந்ததும் எகிப்தில் கொந்தளிப்பு. அரசியின் தோல் வெளிறியது, முகச்சாயல் கிரேக்கச் சாயல் என்று தொல்பொருள் அமைச்சகமே அறிக்கை விட்டது. அவள் தாய் யார் என்பதற்குத் தெளிவான சான்று இல்லாத நிலையில் இரு தரப்பும் வரலாற்றைவிட உறுதியாகப் பேசின. எகிப்துக் கவிஞர் அகமது ஷவ்கி 1920களின் இறுதியில் எழுதிய கவிதை நாடகம் அவளை நாட்டுப்பற்றுள்ள அரசியாக ஏற்கெனவே மீட்டெடுத்திருந்தது. அவர் கேட்டது, அவள் என்ன செய்தாள் என்று. நூறாண்டு கழித்து விவாதம், அவள் எப்படி இருந்தாள் என்பதற்குத் திரும்பிவிட்டது.

தராசு எங்கே சாய்கிறது

கார்ட்டூனுக்கு ஒரு சலுகை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அங்கே நசுங்கியவன் அடுத்த காட்சியில் எழுந்துவிடுவான். இழப்பதற்கு நாடு இல்லை, மக்கள் இல்லை. கிளியோபாட்ரா தோற்றபோது அவள் மகன் கொல்லப்பட்டான், முந்நூறு ஆண்டு வம்சம் முடிந்தது, எகிப்து ரோமின் களஞ்சியமானது. அந்தக் கனத்தை டாமும் ஜெர்ரியும் சுமக்க முடியாது. ஆகவே கார்ட்டூனிலிருந்து அரசிப் படம் கற்க வேண்டியது கதையை அல்ல, முறையை.

அந்த முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் எடுத்த ‘ஃப்ளோ’ (2024) படத்தில் ஒரு கறுப்புப் பூனை, லாப்ரடார் நாய் ஒன்றோடும் வேறு சில விலங்குகளோடும் வெள்ளத்தில் ஒரே படகில் போகிறது. வசனம் ஒரு வரி இல்லை. யார் எங்கே உட்காருகிறார்கள், யார் மீனைப் பங்கிடுகிறார்கள், யார் சுக்கானைப் பிடிக்கிறார்கள் என்பதிலேயே அதிகாரம் கைமாறுவது தெரிகிறது. சுமார் 35 லட்சம் யூரோவில் முடிந்த அந்தப் படம் 2025இல் லாட்வியாவுக்கு முதல் ஆஸ்கரை வாங்கித் தந்தது.

கிளியோபாட்ராவை மறுபடியும் எடுப்பார்கள், அதில் சந்தேகமில்லை. அப்போது நடிகையின் நிறமும் அரங்கின் செலவும்தான் முதலில் செய்தியாகும். அந்தச் சத்தத்துக்குள்ளும் ஓர் இயக்குநர் இதைச் செய்தால் போதும்: கிமு 41இல் டார்சஸ் நகரில், கணக்குக் கேட்க அழைத்த ஆண்டனியும் கணக்குச் சொல்ல வந்த அரசியும் எதிரெதிரே உட்காரும் பேச்சுவார்த்தையை முழுதாக எடுக்கட்டும். தானியம் எவ்வளவு, கப்பல் எத்தனை, பதிலுக்கு எந்த ஊர், எந்தப் பகையாளியின் தலை என்று பேரம் நடக்கட்டும். ஒவ்வொரு பதிலுக்கும் அவன் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கேமரா பார்க்கட்டும். பல மொழி பேசிய ஆட்சியாளர் ஒருத்திக்கு சினிமா நூற்றிருபது ஆண்டுகளாகப் பாக்கி வைத்திருக்கும் மரியாதை, அவளைப் பேசவிடுவது.